வழுக்காத ரப்பரும் வெளியிடக் கூடாத முடிவும்

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வகக் கதவில் இன்று புதுப் பலகை மாட்டினார்கள். மேலே நிறுவனத்தின் சின்னம். அதற்கடியில் பல்கலைக்கழகத்தின் சின்னம். அதற்கும் அடியில், கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால் தெரிகிற எழுத்தில், ‘உராய்வு ஆய்வகம்’. துறைத்தலைவர் பலகையின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

“எப்படி இருக்கு?” என்றார்.

“படிக்கத்தான் முடியல சார்.”

சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். திட்டினாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே தலைவர் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

நிறுவனம் செய்வது வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்குமான வாக்கர், கைத்தடி. அவற்றின் காலில் மாட்டுகிற அடி ரப்பர்தான் எங்கள் விஷயம். ஈரத் தரையில் எந்த ரப்பர் எப்போது வழுக்குகிறது, ஏன் வழுக்குகிறது என்று கேட்டுக்கொண்டே என் அரை வாழ்க்கை போய்விட்டது. அவர்கள் கொண்டுவந்த புது நீல ரப்பரைச் சோதித்தோம். நன்றாகவே பிடித்தது. நான் பொய் சொல்லவில்லை. புதிதாக இருந்தபோது நன்றாகவே பிடித்தது. அதற்காகக் கதவையே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டுமா?

மார்ச் 11, செவ்வாய்

நிறுவனத்தின் விற்பனை மேலாளரோடு கூட்டம். ஒரு காலை முழுவதும் போயிற்று.

அவருக்கு ஒரு வீடியோ வேண்டுமாம். ரப்பரை இழுத்து உராய்வை அளக்கிற சோதனை மேஜையின் பக்கத்தில் ஒரு பெரியவர் வாக்கரோடு நின்று சிரிக்க வேண்டும். பின்னால் வெள்ளைக் கோட்டில் நான் தலையாட்ட வேண்டும். நாங்கள் வெள்ளைக் கோட் போடுவதில்லை என்றேன். “நாங்களே தைச்சுத் தர்றோம் மேடம்” என்றார். இந்த மனிதரை எதைச் சொல்லி நிறுத்துவது?

கடைசியில் கேட்டார்: “இந்த ஆராய்ச்சி எப்ப முடியும்?”

“இன்னும் பழைய ரப்பரைப் பாக்கவே இல்ல சார். ஜனங்க மாட்டி நடந்து தேஞ்சது வேணும்.”

“அதுக்கென்ன, சர்வீஸ் சென்டர்ல மூட்டை மூட்டையா கிடக்கு. அனுப்பி வைக்கிறேன். வீடியோவை மட்டும் மறந்துடாதீங்க.”

மார்ச் 13, வியாழன்

மூட்டைகள் வந்துவிட்டன. அவர்கள் ஏற்கனவே விற்ற நீல ரப்பரும் சாதாரணக் கறுப்பும் கலந்து கிடக்கின்றன. எரிச்சலோடு எழுதுகிற இந்தப் பக்கங்களில் இதையும் எழுதி வைக்கத்தான் வேண்டும். இப்படி ஒரு புதையல் எங்களுக்கு வேறு எந்த வழியிலும் கிடைத்திருக்காது. எந்த மானியம் வாங்கினாலும் ஊர் ஊராகப் போய் வீடு வீடாக ரப்பரைக் கழற்றிக்கொண்டு வர முடியுமா? ஒவ்வொன்றும் ஒருவர் நடந்த நடை. ஒருபக்கம் மட்டும் சாய்ந்து தேய்ந்தது, நடுவில் குழிந்தது, ஓரம் பிய்ந்தது. ஒன்றில் யாரோ அடையாளத்துக்குச் சிவப்புப் பூச்சு தடவியிருக்கிறார்.

என் ஆராய்ச்சி மாணவி தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து வகை பிரிக்கத் தொடங்கிவிட்டாள். முப்பத்தைந்து வயது. ஒரு சிறிய கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே இங்கே முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள். பட்டம் கிடைத்தால்தான் அங்கே வேலை நிரந்தரம். வீட்டில் பள்ளிக்குப் போகிற ஒரு பெண் வேறு.

“இதெல்லாம் பாத்தா ஆளே தெரியுது மேடம்” என்றாள். “இவரு இடது காலை இழுத்து நடக்கிறவர்.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மார்ச் 27, வியாழன்

மாணவி வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றாலும் வரவில்லை.

“மேடம், டைல் மாத்திப் பாத்தேன். தண்ணி மாத்திப் பாத்தேன். மேஜையைத் திரும்ப சரி பண்ணிட்டு முதல்லேருந்து பாத்தேன். அப்படியேதான் வருது.”

தேய்ந்த நீல ரப்பர், தேய்ந்த கறுப்பு ரப்பரைவிட முன்னாலேயே வழுக்குகிறது. கடையில் மலிவாகக் கிடைக்கிற, யாரும் மதிக்காத அதே பழைய கறுப்பு. தேய்மானம் காரணமில்லை. அதிகம் தேயாத நீலங்களும் வழுக்குகின்றன. அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். கூழாங்கல்லைத் தடவியது போல வழவழவென்று இருக்கிறது.

தரை துடைக்கிற கிருமிநாசினியாக இருக்கலாம் என்கிறாள். மென்மைக்காக நீலத்தில் சேர்க்கிற எண்ணெயை அது உறிஞ்சி எடுத்துவிடலாம். புது ரப்பரை அதில் ஊறப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் ஏற்கனவே ஊறப் போட்டிருந்தாள்.

ஏப்ரல் 10, வியாழன்

அதேதான். ஊறியவை எல்லாம் இறுகிவிட்டன. ஈரத் தரையில் வைத்தால் சோப்பு போல ஓடுகின்றன. இதைவிடத் தெளிவான முடிவு எனக்கு இத்தனை வருடத்தில் வந்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நாள். அந்த நீலத்தை எத்தனை வீட்டில் மாட்டியிருக்கிறார்களோ.

ஏப்ரல் 11, வெள்ளி

எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாமனார் வாக்கரில்தான் நடக்கிறார். நிறுவனம் அன்பளிப்பாகக் கொடுத்த நீல ரப்பரை என் கணவர்தான் அதில் மாட்டினார். நம் வீட்டுக் குளியலறையை எதால் துடைக்கிறோம்? அதேதான்.

காலையில் முதல் வேலையாகக் கழற்றிவிட்டு, கடையில் கறுப்பு வாங்கி வந்து மாட்டினேன். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். சாட்சிகளின் முகத்தைப் பார்த்தே காலத்தை ஓட்டியவர்.

“ஏம்மா அதைக் கழட்டுற? நீலம் நல்லாத்தானே இருந்துச்சு.”

“அளவு சரியில்ல மாமா.”

“உன் ஆராய்ச்சி ரப்பருதானே? உனக்கே அளவு சரியில்லையா?”

ஒப்பந்தப்படி நான் முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது. வீட்டாரிடம்கூடக் கூடாது. “வழுக்கும்னு தோணுது மாமா” என்றேன். தோணுதாம். எனக்குத் தெரியும், தோணுது என்கிறேன்.

“அப்ப மத்தவங்க வீட்ல யாரு கழட்டுவாங்க?” என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் கழற்றிய ரப்பரை எடுத்து வைக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கட்டுரை தயார். ஒப்பந்தத்தில் உள்ளபடி நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டேன். கூடவே தனியாகவும் எழுதினேன்: இது அவசரம், ஆட்கள் விழக்கூடும், விற்பனையை நிறுத்திப் பாருங்கள். தலைவருக்கும் ஒரு பிரதி. அவர் பதிலுக்கு ஒரு சிரித்த முகம் அனுப்பியிருக்கிறார். படிக்காமலே.

மே 6, செவ்வாய்

பதில் வந்தது. ‘வணிகக் காரணங்களுக்காக’ கட்டுரை ஓராண்டு நிறுத்தி வைக்கப்படுகிறது. தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும். மாணவியின் ஆய்வேடும் அதற்குள் அடக்கம். அதாவது வாய்மொழித் தேர்வு நடத்த முடியாது. அதாவது பட்டம் கிடையாது. அதாவது வேலை நிரந்தரமாகாது. ஒரே வரியில் இத்தனை பேரைக் கட்டிப்போட முடிகிறது.

இந்த நிபந்தனை ஒப்பந்தத்தில் வந்தபோதே வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். “எல்லாருக்கும் இப்படித்தான் போடுவாங்க, யாரும் பயன்படுத்த மாட்டாங்க” என்றார் தலைவர். பயன்படுத்தாததை எதுக்குய்யா போடுறீங்க?

மாணவியிடம் சொன்னேன். அழவில்லை. “சரி மேடம்” என்றாள். பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள். தேடிக்கொண்டே இருந்தாள்.

மே 7, புதன்

இன்று யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. மேலாளர் வெள்ளைக் கோட்டுக்கு அளவு கேட்டு எழுதியிருக்கிறார்.

மே 20, செவ்வாய்

மதியம் ஒரு தொலைபேசி அழைப்பு. ஒரு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர். அறுவை முடிந்தவர்களை எழுப்பி நடக்க வைக்கிறவர்.

“நீங்கதானே அந்த ஆய்வகம்? பெட்டியில உங்க பேர் போட்டிருக்கு. பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்டதுன்னு. எங்க வார்டுல இருக்கிற எல்லா வாக்கருக்கும் இந்த நீல ரப்பரை வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமா மேடம்?”

எங்கள் பெயர் பெட்டியில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“உங்க வார்டுல தரையை எதால துடைக்கிறாங்க?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன்? தெரிந்ததைத்தானே கேட்கிறேன்.

“கிருமிநாசினிதான். எந்நேரமும் துடைச்சுக்கிட்டே இருப்பாங்க.”

என் வாயில் ஒரே ஒரு சொல் நின்றது. வேண்டாம் என்ற சொல். பல்கலைக்கழகத்தின் சட்ட ஆலோசகர், மாணவியின் ஆய்வேடு, தலைவர், எல்லாரும் வரிசையாக வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

“நான் அதைப் பத்தி எதுவும் சொல்லக் கூடாதுங்க” என்றேன்.



“புரிஞ்சுது மேடம். நன்றி” என்று வைத்துவிட்டார்.

போனை வைத்த பிறகு வந்தது பயமா, நிம்மதியா? இரண்டும்தான்.

மே 23, வெள்ளி

மருத்துவமனை ஆர்டரை ரத்து செய்துவிட்டது. நிறுவனம் கொதிக்கிறது. தலைவர் கூப்பிட்டார். அதிசயமாகச் சிரிக்கவில்லை.

“அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“எதுவும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன் சார்.”

“அதைத்தான் சொல்லக் கூடாது.”

“அப்ப என்ன சொல்லணும்?”

“நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கலாம். புதுசா இருக்கும்போது நல்லா இருக்குதானே? பொய் இல்லையே.”

இவரிடம் நான் படித்திருக்கிறேன். அளவீட்டில் பிழையை மறைப்பதைவிடப் பெரிய தப்பு இல்லை என்று கரும்பலகை முழுக்க எழுதிப் பாடம் நடத்தியவர் இவர்தான். சத்தியமாக இவரேதான். எப்படிய்யா இப்படி ஆனீங்க?

“சார், அந்த வார்டுல நாளைக்கு உங்க அம்மா இருந்தா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி, “போயிட்டு வாங்க” என்றார்.

மே 26, திங்கள்

மாணவி இன்று முதல் முறையாக என் மேல் கோபப்பட்டாள்.

“நீங்க கோபப்பட்டு சண்டை போட்டுட்டு வந்துடுவீங்க மேடம். உங்களுக்கு வேலை இருக்கு. எனக்குத்தான் வருஷம் போகும். அவங்க ஒரு வருஷத்தை மூணாக்குவாங்க.”

நியாயம்தான். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளே பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். மருந்துக்கடையில் வாங்கியிருக்கிறாள். நீலப் பெட்டி. பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்டது. எங்கள் சின்னம் அவர்கள் சின்னத்தைவிடப் பெரிது. கதவில்தான் எங்களுடையது சின்னது.

“நாம கண்டுபிடிச்சதை நிறுத்தி வைக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா நம்ம பேரைப் போட உரிமை எங்க இருக்கு? ஒப்பந்தத்தை முழுசாப் படிச்சேன் மேடம். பேரைப் பயன்படுத்தணும்னா ஒவ்வொரு தடவையும் நீங்க எழுத்துல சம்மதிக்கணும். நீங்க சம்மதிச்சீங்களா?”

இல்லை. யாரும் கேட்கவே இல்லை.

இவளைப் போய் நான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

கூட்டம். எங்கள் பக்கம் தலைவர், நான், மாணவி. அவர்கள் பக்கம் விற்பனை மேலாளர். கூடவே, மூலையில், வாயே திறக்காத ஒரு நெட்டையான மனிதர். தொழிற்சாலையில் ரப்பர் கலவை போடுகிற எஞ்சினியராம்.

நான் சொன்னது சின்ன விஷயம்தான். கட்டுரை வெளியே போகட்டும். இல்லையென்றால் எங்கள் பெயர் எல்லாப் பெட்டியிலிருந்தும் போகட்டும். ஏன் எடுத்தீர்கள் என்று யாராவது கேட்டால், சம்மதம் இல்லாமல் போட்டிருந்தார்கள் என்று சொல்வேன். அதைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

“அட்டையெல்லாம் அச்சடிச்சாச்சு மேடம்” என்றார் மேலாளர். அவர் கவலை அது.

தலைவரைப் பார்த்தேன். இப்போதும் பூசி மெழுகுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பெட்டியைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “நாளைக்கு யாராவது விழுந்தா, இந்தப் பெட்டியைத்தானே கோர்ட்டுல காட்டுவாங்க” என்றார். மனசாட்சியா, பயமா, எது வந்தாலும் வந்ததே என்று இருந்தது.

அப்போது நெட்டை மனிதர் பேசினார். மெதுவாக, மேலாளரைப் பார்த்து:

“எந்தக் கட்டுரை சார்? எனக்கு யாரும் எதுவும் காட்டலையே.”

இத்தனை நாள் இழுத்தடித்து, நிறுத்தி வைத்து, மிரட்டி, அந்த ரப்பரைச் செய்கிறவருக்கே காட்டவில்லை. தலையை எங்கே போய் முட்டிக்கொள்வது?

மாணவி தன் பிரதியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அங்கேயே படித்தார். மேலாளர் இருமினார், கடிகாரத்தைப் பார்த்தார். எஞ்சினியர் பொருட்படுத்தவில்லை. முடித்துவிட்டு, “எண்ணெய்தான். ஏன் இறுகுதுன்னு நான் வேற எங்கெங்கயோ தேடிக்கிட்டு இருந்தேன்” என்றார். பிறகு மாணவியிடம், “எந்தக் கிருமிநாசினி போட்டீங்க?” என்று கேட்டார். இருவரும் எங்களை மறந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜூன் 25, புதன்

அனுமதி வந்துவிட்டது. கட்டுரையில் நிறுவனத்தின் பெயர் வராது. நீல ரப்பரைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கிறார்கள். வாங்கியவர்களுக்கு, கிருமிநாசினி படும் இடத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவிப்பு. இதை ஏப்ரலிலேயே செய்திருக்கலாம்.

கூட்டு ஆய்வு புதுப்பிக்கப்படாது. சோதனை மேஜை அவர்கள் கொடுத்தது, திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தலைவர் இந்தச் செய்தியை அனுதாபத்தோடு சொன்னார். நான்தான் சிரித்தேன்.

மாமனாரிடம் இப்போது சொல்லலாம். சொன்னேன். “மத்தவங்களும் கழட்டுறாங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “சரி” என்று செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார்.

ஜூலை 18, வெள்ளி

மேஜையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு பத்தவில்லை என்று நிலையைக் கழற்றினார்கள். பலகை கீழே விழுந்து உடைந்தது. அதற்கு ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

இனி எதை வைத்து ஆராய்ச்சி செய்வேன்? ஒரு டைலும் ஒரு எடைக்கல்லும் ஒரு கயிறுமாகத் தொடங்கினேன். மறுபடியும் அதேதான் போலிருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

வாய்மொழித் தேர்வு. கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்கள் எல்லாரும் கேட்கலாம் என்று நடத்தினோம். கடைசி வரிசையில் தெரியாத ஒரு பெண்மணி. கேள்வி நேரத்தில் எழுந்து, “ரப்பர் இறுகிடுச்சான்னு வார்டுலேயே பாக்க ஏதாவது வழி இருக்கா?” என்று கேட்டார். குரலை வைத்து அடையாளம் தெரிந்தது. அந்த இயன்முறை மருத்துவர்.

தேர்வாளர்கள் கேட்ட எல்லாக் கேள்வியையும்விட அதற்குத்தான் மாணவி அதிக நேரம் பதில் சொன்னாள். நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னாள். தடம் பதிந்தால் நல்லது, பதியாவிட்டால் மாற்றுங்கள்.

பட்டம் கிடைத்தது. அவள் மகள் முன்வரிசையில் தூங்கிவிட்டிருந்தாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அவள் அந்த நிறுவனத்துக்கே வேலைக்குப் போகிறாளாம்.

நெட்டை எஞ்சினியர் கூப்பிட்டிருக்கிறார். கல்லூரியில் வேலை நிரந்தரமான அதே வாரத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொல்கிறாள். இதுக்கா நான் அத்தனை பேர்கிட்ட வாயாடினேன்? இதுக்கா மேஜையைப் பறிகொடுத்தேன்?

“அவங்க உன்னை என்ன பாடு படுத்துனாங்கன்னு மறந்து போச்சா?”

“மறக்கல மேடம். இது தப்புன்னு நாம கண்டுபிடிச்சோம். சரியானதை அங்க உட்கார்ந்து யாராவது செய்யணுமில்ல? இங்க நம்மகிட்ட கலவை போடுற எந்திரம் கிடையாது.”

“அங்க போனா எழுத விடமாட்டாங்க.”

“பாப்போம் மேடம்.”

வாழ்த்துச் சொன்னேன். வாயால்தான்.

அக்டோபர் 2, வியாழன்

அவள் சொன்னது சரி. எனக்குத்தான் விட மனசில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

நிறுவனத்திலிருந்து ஒரு புது ஒப்பந்த வரைவு. புதிய கலவை ஒன்று செய்திருக்கிறார்களாம். நாங்கள் சோதிக்க வேண்டுமாம். படிக்காமல் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் திறந்தேன். ஆறாவது பக்கத்தில் இப்படி இருந்தது: ‘பயன்படுத்துவோரின் பாதுகாப்பைத் தொடும் எந்த முடிவையும், எவரது அனுமதியும் இன்றி, பல்கலைக்கழகம் உடனே வெளியிடலாம்.’

இப்படி ஒரு வாக்கியத்தை எந்த நிறுவனமும் தானாக எழுதாது. அவளுக்குப் போன் செய்தேன்.

“நீ எழுதுனதா?”

“ஆமா மேடம். வக்கீல் எடுத்துட்டாரு. திரும்பப் போட்டேன். திரும்பவும் எடுத்தாரு. மருத்துவமனைக்காரங்க இப்பல்லாம் வெளியான சோதனையைக் காட்டுன்னு கேக்கறாங்க, இது இல்லாட்டி வாங்க மாட்டாங்கன்னு நம்ம நெட்டை சார் போய்ப் பேசினாரு. அப்புறம் விட்டுட்டாங்க.”

“இந்தத் தடவையும் மோசமா வந்தா?”

“மோசமா வந்தா எழுதுங்க. அதுக்குத்தானே அனுப்பறேன்.”

ஆறாவது பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன். 

“மேஜை இல்லையேம்மா” என்றேன்.

“இங்க கோணி போட்டு மூடி வச்சிருக்காங்க. தூசி தட்டச் சொல்லியிருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கே அனுப்பிடுவேன்.”

“நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்கு. நாளன்னைக்கு அனுப்பு. இந்தத் தடவை ஆள் விட்டு நம்ம கதவை அளந்துட்டு அனுப்பு.”